வண்டல் நிலத்துப் பெண்கள் மலைக்குப் போகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கங்களைச் சேர்ந்த பெண்கள் சிலர் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஒன்றாக மலைக்குச் சென்று நடக்கிறோம். திரும்பி வந்தபின் நடந்ததையும் பார்த்ததையும் எழுதி ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுகிறோம். புதிதாக வர விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். என் சொந்தக் கருத்துகளும் இவற்றில் கலந்திருக்கின்றன. எங்களில் எல்லோரும் அவற்றை ஒப்புக்கொள்வதில்லை.

மலையே இல்லாத ஊரில் பிறந்த நமக்கு மலைநடை எதற்கு?

நமக்கு மலை இல்லை என்பது உண்மைதான். கோடிக்கரைக் காட்டில் இராமர் பாதம் அமைந்திருக்கும் மணல்மேடுதான் அந்தப் பகுதியிலேயே உயரமான இடம். அதுவும் சில மீட்டர்தான். பெயரிலேயே மலையை வைத்திருக்கும் சுவாமிமலையில் இருப்பதும் கட்டி எழுப்பிய குன்றுதான். தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயர் தாங்கிய அறுபது படிகளை ஏறினால் முருகனின் சந்நிதிக்கு வந்துவிடலாம். 1010-இல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தட்சிணமேரு என்று மலையின் பெயரே வழங்கியது. இல்லாத மலையை நம் முன்னோர் கல்லை அடுக்கி வரவழைத்துக்கொண்டார்கள் என்று எங்களோடு நடக்கும் ஓர் ஆசிரியை சொல்வார்.

ஆனால் நாம் நாற்று நடும் மண் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். குடகிலும் நீலகிரியிலும் பழனி மலையிலும் மழை அரித்த மண்ணைக் காவிரியும் அதன் துணையாறுகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து பரப்பிய வண்டல்தான் இந்தச் சமவெளி. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு அந்த வண்டலின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. இருந்தாலும் நம் காலுக்குக் கீழே கிடப்பது கரைந்துவந்த மலைதான். அணையின் நீர்மட்டம் 120 அடியைத் தொடுமா, ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பார்களா என்று ஆண்டுதோறும் செய்திக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் நாம் உண்மையில் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு நாள் விசாரித்த இடத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வருவதில் வியப்பு என்ன இருக்கிறது?

மலையேற்றமும் மலைநடையும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. மலையேற்றத்தில் பெண்களின் வரலாறு பெருமைக்குரியது. 1808-இல் மரி பாரடி ஐரோப்பாவின் மோன் பிளாங் சிகரத்தை அடைந்தார். 1975-இல் ஜப்பானின் ஜுன்கோ தாபே எவரெஸ்ட்டை அடைந்த முதல் பெண்ணானார். 1984-இல் பச்சேந்திரி பால் அங்கே நின்ற முதல் இந்தியப் பெண்ணானார். 2023-இல் தமிழ்நாட்டிலிருந்து முத்தமிழ்ச்செல்வி சென்று வந்தார். நாங்கள் செய்வது அதுவன்று. எங்களுக்கு உச்சி கட்டாயமில்லை. கயிறோ பனிக்கோடரியோ தேவையில்லை. ஒற்றையடிப் பாதையில் நடந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவோம்.

இந்த வகை நடைக்கு முன்னோடியாக நான் நினைப்பவர் ஸ்காட்லாந்தின் நேன் ஷெப்பர்டு (1893–1981). அபர்டீன் நகரின் புறத்தே ஏறத்தாழ வாழ்நாள் முழுவதையும் ஒரே வீட்டில் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திய அவர், விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கெயின்கார்ம் மலைகளில் நடந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த மலைகளைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் முப்பது ஆண்டுகள் இழுப்பறையில் கிடந்து 1977-இல்தான் அச்சேறியது. ஒரே மலைக்குத் திரும்பத் திரும்பப் போனதுதான் அவர் எழுத்தின் வலிமை. வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் கிடைக்கும் இரண்டு நாளில் நடக்கிற நமக்கு இமயத்துச் சாதனைகளைவிட இந்த வாழ்க்கைதான் பொருந்திவருகிறது.

பெண்கள் மட்டும் தனியாக ஏன்? ஆண்களையும் சேர்த்துக்கொள்ளலாமே?

1857-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட மலையேறுவோர் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 1907-இல் பெண்கள் தமக்கெனத் தனிச் சங்கமே தொடங்க வேண்டியிருந்தது. எங்கள் காரணம் அவ்வளவு பெரியதன்று. ஆண்கள் உடன்வரும் நடைகளில், வழியைப் பார்க்கும் வேலையை நாங்கள் அறியாமலே அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் பேசிக்கொண்டு நடந்தோம். சாப்பாட்டுப் பை மட்டும் எங்களிடம் இருந்தது. பெண்களாகச் சென்ற முதல் நடையில் வழிகாட்டியிடம் ஒவ்வொரு திருப்பத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டோம். அந்த வேறுபாடு எழுத்திலும் தெரிந்தது.

சமவெளியில் இருந்துகொண்டு எப்படிப் பயிற்சி செய்வது?

வரப்பில் நடந்து வளர்ந்தவர்களுக்குப் பாதிப் பயிற்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஈரமான, ஒரு பாதம் மட்டுமே பதியும் அகலமுள்ள வரப்பில், தலையில் நாற்றுக்கட்டுடன் நடக்கும் பெண்ணுக்குள்ள சமநிலை நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களில் கிடைக்காது. மலையின் ஒற்றையடிப் பாதையில் அவர்கள் தடுமாறி நான் பார்த்ததில்லை. நமக்கு இல்லாதது ஏறும் மூச்சும் இறங்கும் முழங்காலும்தான். ஏறுவதில்தான் சிரமம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இறங்கும்போதுதான் தொடைத் தசை உடலின் எடையை ஒவ்வோர் அடியிலும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அந்த வேலை சமவெளித் தொடைக்குப் புதிது. மறுநாள் காலையில் படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அதுவே.

ஆகவே படிகளைத் தேடிப் போங்கள். சுவாமிமலையில் பத்துமுறை ஏறி இறங்கினால் அறுநூறு படிகள் ஆகிவிடும். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கும்பகோணத்தில் இருப்பவர்களுக்கு இதற்குச் செலவும் இல்லை. (குருக்கள் ஒருவர் எங்களைப் பார்த்து என்ன வேண்டுதல் என்று கேட்டார், முழங்கால் வேண்டுதல் என்றோம்.) அடுத்த கட்டமாகத் திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயிலின் பாறை இருக்கிறது; அது ஏறத்தாழ 83 மீட்டர் உயரம். அதையும் தாண்டியவர்களுக்குக் குளித்தலையை அடுத்த அய்யர்மலை, ஆயிரத்துக்குச் சற்றே கூடுதலான படிகளுடன் காத்திருக்கிறது. கோயில் படிகளில் செருப்புடன் ஏற முடியாது என்பதால், புதுக் காலணியைப் பழக்குவதற்கு ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தையோ அலுவலக மாடிப்படியையோ பயன்படுத்துங்கள். கடைசி இரண்டு வாரங்களில் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைக் கட்டி வைத்துக்கொண்டு ஏறுவது நல்லது.

முதல் நடைக்கு எந்த மலை பொருத்தம்?

துறையூரிலிருந்து போகும் பச்சைமலையும் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையும் நமக்குப் பக்கம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் கடந்ததும் பாதிப்பேருக்குத் தலைசுற்றும் என்பதால், கொல்லிமலைக்குப் போகும் நாளில் காலை உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே அறப்பளீசுவரர் கோயிலருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. முதலில் இறங்கி, களைத்த பிறகு ஏறவேண்டிய தலைகீழ் அமைப்பு அது. இறங்கும்போது உடம்பு இலேசாக இருப்பதை நம்பி அருவியில் நெடுநேரம் நின்றவர்கள் திரும்பும்போது படும் பாட்டை அங்கே நாள்தோறும் காணலாம். திரும்பும் வழிக்கு வலுவை மிச்சம் வைத்துக்கொள்ளும் பாடத்தை அந்த இடம்போல வேறெதுவும் கற்றுத் தருவதில்லை.

கொடைக்கானலையும் நீலகிரியையும் மூன்றாவது, நான்காவது நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும். 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் தஞ்சாவூரைவிடப் பதின்மூன்று பதினான்கு டிகிரி குளிர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால் தமிழ்நாட்டு மலைகளில் அந்தக் கவலை பெரிதாக வேண்டியதில்லை.

காட்டுப் பாதைகளுக்கு அனுமதி வாங்க வேண்டுமா?

கட்டாயம் வாங்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். காய்ந்த கோடைப் புல்லில் காற்றோடு சேர்ந்து வரும் தீ, சரிவில் மேல்நோக்கி மனிதரைவிட வேகமாக ஓடும். வைக்கோற்போரில் தீப்பிடித்துப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அந்நிகழ்வுக்குப் பிறகு விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தமிழக அரசு பதினான்கு மாவட்டங்களில் நாற்பது பாதைகளை முறைப்படுத்தி, இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. தீ பரவும் கோடை மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருக்கும்போது யாராவது தனியாக அழைத்துப்போகிறேன் என்றால் போகாதீர்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

பெரும்பாலும் இந்தக் கேள்வி மெல்லிய குரலில்தான் வருகிறது. பொய் சொல்லிவிட்டு வரவேண்டாம் என்பதுதான் எங்கள் ஒரே நிபந்தனை. மலையில் காலை மடக்கிக்கொண்டு விழுந்தவரின் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது, அவர் திருமணத்துக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த மாமியாருக்கு என்ன விளக்கம் தருவது? முன்பதிவுச் சீட்டு, வழிகாட்டியின் எண், திரும்பும் பேருந்தின் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சாமி படத்தருகே வைத்துவிட்டு வரும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. முதல்முறை முகம் சுளித்தவர்கள் மூன்றாம் முறை தேன் வாங்கிவரச் சொல்கிறார்கள்.

மலைக்குப் போய்வந்த பெண் வீட்டாருக்குக் கணக்குச் சொல்வது தமிழில் பழைய செய்தி. பத்துப்பாட்டில் உள்ள குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் தோழி செவிலித்தாயிடம் சொல்லும் கூற்றுதான். தினைப்புனம் காக்கப் போன தலைவியும் தானும் எங்கே குளித்தோம், எந்தெந்தப் பூக்களைப் பறித்துப் பாறையில் குவித்தோம், பிறகு என்ன நடந்தது என்று அவள் விளக்குகிறாள். தொண்ணூற்றொன்பது பூக்களின் பட்டியல் அதில்தான் வருகிறது. எழுதியவர் கபிலர் என்ற ஆண்தான். ஆனாலும் மலையைப் பெயர் பெயராக அறிந்தவளாக அவர் நிறுத்தியது ஒரு பெண்ணை.

மாதவிடாய் நாளில் நடக்கலாமா? காட்டில் கழிப்பிடத்துக்கு என்ன செய்வது?

உடம்பு ஒத்துழைத்தால் நடக்கலாம். வலி மிகுந்தவர்கள் தங்குமிடத்திலேயே இருந்துகொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பயன்படுத்திய நாப்கினைக் காட்டில் புதைக்கவும் எரிக்கவும் கூடாது. காட்டு விலங்குகள் தோண்டி எடுத்துவிடும். செய்தித்தாளில் சுற்றி, தனிப் பையில் போட்டு, கீழே கொண்டுவந்துவிட வேண்டும். மற்றதற்கு ஓடையிலிருந்து இருநூறு அடியாவது விலகிப் போய், முக்கால் சாண் ஆழம் தோண்டி, முடிந்ததும் மண்ணை மூடுங்கள். அந்த ஓடை எங்கேயோ போய்ச் சேரட்டும் என்று நினைக்கும் உரிமை மற்ற ஊர்க்காரர்களுக்கு இருக்கலாம். அமராவதி கரூர்ப் பக்கம் வந்தும் பவானி கூடுதுறையில் வந்தும் காவிரியில் கலந்த பிறகு அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் நாம். சிறுநீரை அடக்குவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் நடக்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. மலையில் தசைப்பிடிப்புக்கும் தலைச்சுற்றலுக்கும் அது முக்கியக் காரணமாகிறது.

உடையும் காலணியும்?

தளர்ந்த சுடிதாரே போதும். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள் அல்லது வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புடவைதான் வசதி என்று கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் எல்லோரையும்விட வேகமாக நடக்கும் அறுபது வயது அம்மாளும் எங்களோடு வருகிறார். காலணி அரை அளவு பெரியதாக இருக்கட்டும். சரியான அளவில் வாங்கிய காலணியுடன் இறங்கி, முன்பக்கம் இடித்து இடித்து, இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்து விழுந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

அட்டை கடித்தால்?

ஒன்றும் ஆகாது. சோலைக்காட்டில் மழைக்காலத்தில் கடிக்கத்தான் செய்யும். உப்பைத் துணியில் முடிந்து எடுத்துக்கொள்ளுங்கள். வேதாரண்யத்து உப்புக்கு இங்கே என்ன பஞ்சம்.

பெண்கள் போகக் கூடாத மலைகள் உண்டா?

சட்டப்படி இல்லாமலும் வழக்கப்படி இருந்தும் வந்த தடைகள் உண்டு. மிகவும் அறியப்பட்டது, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலை. கேரளப் பக்கத்திலிருந்து உச்சிக்குப் போகும் பாதையில் பெண்கள் அடிவார முகாமுக்கு மேல் அனுமதிக்கப்படாமல் இருந்தார்கள். 2018-இன் இறுதியில் கேரள உயர் நீதிமன்றம் பாலின அடிப்படையில் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற அலுவலர், அத்தீர்ப்புக்குப் பின் உச்சியை அடைந்த முதல் பெண்ணானார். அங்கே வாழும் காணி மக்கள் அதற்கு மறுப்புத் தெரிவித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அகத்தியரை அவர்கள் தம் குலத்தவராகவே கருதுகிறார்கள். என் கருத்து தீர்ப்பின் பக்கம்தான். அகத்தியரின் கமண்டலத்தைக் காக்கை வடிவில் வந்த விநாயகர் கவிழ்த்ததால்தான் காவிரி பிறந்தாள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த முனிவர் பெயரால் நிற்கும் மலையில் பெண்ணுக்கு இடமில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

எழுதிப் பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

வியந்ததை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். முதல்முறை வருகிறவர்களின் குறிப்பேடுகளில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல, கண்கொள்ளாக் காட்சி, இயற்கை அன்னையின் மடியில் என்ற மூன்று தொடர்களும் தவறாமல் இருக்கும். இவற்றை எழுத மலைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. காலை ஏழரை மணிக்குப் புல்லின் கிழக்குப்புறம் காய்ந்தும் மேற்குப்புறம் பனி ஈரத்துடனும் இருந்தது என்று எழுதினால், அங்கே நின்றவர் மட்டுமே எழுதக்கூடிய வரியாக அது இருக்கும்.

எங்கள் குழுவில் நடந்த மிகச் சிறந்த எழுத்து, எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அக்காவுடையது. நடவு வேலைக்குப் போகிறவர். கொல்லிமலையில் பள்ளத்தாக்கில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்களை வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன்: “இங்க மடையைத் திறந்துட்டா கீழ வயக்காரரைக் கேக்கவே வேணாம், தண்ணி தானா எறங்கிடுது. நம்ம ஊருல நாலு விரக்கடை வாட்டத்துக்கு எவ்வளவு சண்டை.” சரிவைக் குறிக்கும் வாட்டம் என்ற ஒரு சொல்லில் மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அடங்கிவிட்டது. மேட்டூரிலிருந்து கடல்வரை சாய்வு குறைந்துகொண்டே வந்து, கடைமடையில் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத நிலத்தில் வாழ்கிறவரின் கண் அது. மலையிலேயே பிறந்தவர் அந்தச் சரிவைக் கவனித்திருக்கவே மாட்டார். நீங்கள் எழுதத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்: மதகு, கண்ணாறு, கலிங்கு, வரப்பு, பதம், வாட்டம் என்று உங்களிடம் இருக்கும் சொற்களை எடுத்துக்கொண்டு போய் மலைக்குப் பொருத்திப் பாருங்கள். எது பொருந்துகிறது, எது பொருந்தாமல் நழுவுகிறது என்பதை எழுதினாலே பத்துப் பக்கம் வந்துவிடும்.

செடிகளின், பறவைகளின் பெயர் தெரியாதபோது என்ன செய்வது?

பெயர் தெரியவில்லை என்று எழுதிவிட்டு, இலை எதிரெதிராக இருந்ததா மாறி மாறி இருந்ததா, கசக்கினால் என்ன மணம், எந்த உயரத்தில் வளர்ந்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வழிகாட்டியிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரையே முதலில் எழுதுங்கள். நூல்பெயரை வீட்டுக்கு வந்து தேடிக்கொள்ளலாம். சில சொற்கள் மலையில் பொருள் மாறும். நமக்குச் சோலை என்றால் தோப்பு. பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலை என்பது புல்வெளிகளுக்கு இடையே மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடு. ஆங்கிலத் தாவரவியலாளரும் அந்தத் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, மழையில்லாத மாதங்களிலும் ஓடைகளில் கசியவிடுவது சோலையும் புல்வெளியும் சேர்ந்த அந்த அமைப்புதான். வாட்டில் எனப்படும் சீகை மரத்தையும் தைலமரத்தையும் நட்டுப் புல்வெளியை மூடிய இடங்களில் ஓடைகள் மெலிந்துபோனதை மலைவாழ் முதியவர்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கொடைக்கானலில் சாலையோரம் மேயும் பெரிய விலங்கைக் காட்டெருமை என்று எழுதாதீர்கள். அது காட்டுமாடு, எருமை இனமே அன்று.

நம் பகுதியில் இதற்கு முன்னோடியாகப் பெண் யாரும் உண்டா?

காரைக்கால் அம்மையாரைச் சொல்வேன். பக்தி இலக்கியம் என்ற பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டதால் அவரை நாம் இந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை. வணிகர் குடும்பத்து இல்லத்தரசி. மாங்கனி நிகழ்ச்சிக்குப் பின் கணவன் அஞ்சி விலகிப்போக, அழகையும் உடம்பின் தசையையும் உதறிப் பேயுருக் கொண்டு தனியே நடந்தே கயிலைக்குப் போனவர். அந்த மலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்தார் என்கிறது பெரியபுராணம். காவிரிக் கடைமுகத்திலிருந்து மலைக்குப் போன பெண் என்று அறிந்தவர்களில் அவரே எனக்கு முதல்வர். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற கேள்விக்கு அவரைவிடக் கடுமையான விடை யாரும் தரவில்லை.

எழுத்துக்கும் அவரிடம் பாடம் உண்டு. திருவாலங்காட்டைப் பாடும்போது பொதுப்பட ‘காடு’ என்று சொல்லி நகர்ந்துவிடாமல் எட்டி, இலவம், ஈகை, சூரை, காரை, கள்ளி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறார். முள்ளும் கசப்பும் உள்ள, யாரும் தோட்டத்தில் வைக்காத செடிகள் அவை. சுடலையை அழகாக்காமல், அங்கே உண்மையாக என்ன வளர்ந்ததோ அதையே சொன்ன அந்தத் துணிவை இன்றைய இயற்கை எழுத்தில் நான் அரிதாகவே காண்கிறேன். குறிஞ்சித் திணைக்குப் புணர்தல், மருதத்துக்கு ஊடல் என்று பழைய இலக்கணத்தைக் கட்டாயமாக்கிக்கொண்டு எழுத வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஆனால் அடுக்கம், சாரல், விடர், முகடு, கவான் போன்ற சொற்களை அந்த இலக்கியத்திலிருந்து கடன் வாங்குவதில் தவறில்லை. அவை பொருத்தமாக விழும் இடத்தில் மட்டும்.

மலைவாழ் மக்களைப் பற்றி எழுதலாமா?

அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதலாம். வெள்ளந்தி மனிதர்கள் என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறு ஒருநாள் வந்து போகும் நகரத்தார் நம்மை வயலோரத்தில் நிறுத்திப் படம் எடுத்து அப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் மற்றவை தானே விளங்கும். வழிகாட்டியின் பெயரை அவர் ஒப்புதலோடு எழுதுங்கள். அவர் காட்டிய மூலிகை இருக்கும் இடத்தை எழுதாதீர்கள்.

குறிஞ்சி பூக்கும் ஆண்டில் போனால் போதாதா?

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கொடைக்கானல் பக்கம் 2006-இலும் 2018-இலும் பூத்தது, இனி 2030. அதுவரை பொறுத்திருந்து, கூட்டத்தோடு போய், செடியை மிதித்துப் படம் எடுத்துத் திரும்புவதைவிட, பூக்காத ஆண்டில் அந்தச் செடி புல்வெளிச் சரிவில் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அப்படி எழுதியவர் மிகச் சிலர்.

தலைக்காவிரிக்கு நடந்து போக முடியுமா?

குடகில் பிரம்மகிரி மலையில், ஏறத்தாழ 1,276 மீட்டர் உயரத்திலுள்ள தலைக்காவிரி வரைக்கும் சாலை இருக்கிறது. அங்கிருந்து மலையின் தலைக்குப் படிகள் இருக்கின்றன. ஐப்பசி பிறக்கும் துலா சங்கராந்தி நாளில், சிறிய தொட்டியில் நீர் பொங்குவதைக் காண அங்கே பெருங்கூட்டம் கூடும். அதே ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் நாம் நீராடி, மாதக் கடைசியில் கடைமுகமும் கார்த்திகை முதல் நாளில் முடவன் முழுக்கும் கொண்டாடுகிறோம். ஆற்றின் இரு முனைகளிலும் ஒரே மாதத்துக்கு ஒரே பெயர். நடக்கவும் எழுதவும் போகிறவர்கள் சங்கராந்தி நாளைத் தவிர்த்து, மழை ஓய்ந்த மார்கழியில் போவது நல்லது.

நான் போனபோது படிகளுக்கு மேலே புல் பழுத்திருந்தது. காற்று மேற்கிலிருந்து, அரபிக்கடல் பக்கத்திலிருந்து வந்தது. தொட்டியை இரண்டு கைகளால் அணைத்துவிடலாம் போலிருந்தது. குறிப்பேட்டின் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், தண்ணீர் வராத ஓர் ஐப்பசியில் துலாக்கட்டத்து மணலில் நின்று எழுதியது ஏற்கெனவே இருந்தது: ஆற்றில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், நாணல் என் தோளுக்கு மேல், படித்துறையின் கடைசிப் படிக்குக் கீழே இன்னும் மூன்று படிகள் மணலுக்குள் இருப்பதாகக் குளிக்க வந்த பாட்டி சொல்கிறார்.